முன்னால் நின்றவர்: பிரெட்டி மெர்க்குரியின் வாழ்வும் குரலும்

பல்கலைக்கழகக் கலை இரவுகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. விளக்குகள் அணைகின்றன. கீபோர்டு, கித்தார், டிரம்ஸ் வாசிப்பவர்கள் இருட்டிலேயே வந்து தத்தம் இடங்களில் அமர்ந்துகொள்கின்றனர். கடைசியாக ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வருகிறார். அரங்கம் அதிர்கிறது. நிகழ்ச்சி நன்றாக அமைந்தால் மறுநாள் சிற்றுண்டிச்சாலையில் அவருடைய பெயரைத்தான் பேசுவோம். சுருதி பிசகினாலும் அவருடைய பெயரைத்தான் பேசுவோம். கித்தாரின் கம்பி அறுந்தால் வேறு கம்பி மாட்டிக்கொள்ளலாம். பாடுபவரின் தொண்டை கட்டிக்கொண்டால் மாட்டுவதற்கு வேறு தொண்டை கிடையாது.

இசைக்குழுவின் முதன்மைப் பாடகர் என்றாலே பேரும் புகழும்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த இடத்தில் நிற்பதற்கு ஒருவர் கொடுக்க வேண்டிய விலை என்ன? இதை அறிந்துகொள்ள, உலகமே அறிந்த ஒரு பாடகரின் வாழ்க்கையைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். காற்பந்துக் கிண்ணத்தை வென்ற குழு திடலைச் சுற்றி வரும்போது ஒலிபெருக்கியில் 'வீ ஆர் தி சாம்பியன்ஸ்' பாடலை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அந்தக் குரலுக்கு உரியவர்தான் 'குவீன்' இசைக்குழுவின் பிரெட்டி மெர்க்குரி. அவர் நம்மைப் போலவே இந்திய வம்சாவளியில் வந்து, கடல் கடந்த மண்ணில் பிறந்தவர் என்பது பலரும் அறியாத செய்தி.

பியானோவின் பின்னால் ஒரு சிறுவன்

1946-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள ஸான்சிபார் தீவில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஃபரோக் புல்சாரா. தந்தை போமி, தாய் ஜெர். இருவரும் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சிகள். சரதுஷ்டிர சமயத்தைச் சேர்ந்தவர்கள். தந்தை பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் நீதிமன்றத்தில் காசாளராகப் பணிபுரிந்தார். வெள்ளையர் ஆட்சிக்காலத்தில் வேலை தேடி நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறியதைப் போலவே அவர்களும் இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்றவர்கள்.

எட்டு வயதில் சிறுவன் ஃபரோக் படிப்புக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டான். மகாராஷ்டிரத்தின் மலைநகரமான பஞ்ச்கனியில் ஆங்கிலேயர் முறையில் நடத்தப்பட்ட ஒரு விடுதிப்பள்ளியில் அவன் வளர்ந்தான். பெற்றோர் கடலுக்கு அப்பால் இருந்ததால் விடுமுறைகளைப் பெரும்பாலும் பம்பாயில் பாட்டி, அத்தை வீட்டில் கழித்தான். விடுதியில் தங்கிப் படிக்கும் நம் நண்பர்களுக்கு இந்தத் தனிமை புரியும். அவர்களாவது பதினெட்டு, பத்தொன்பது வயதில் வீட்டைப் பிரிகிறார்கள். அவனோ எட்டு வயதில் பிரிந்தான்.

அந்தப் பள்ளியில்தான் அவனுக்கு 'பிரெட்டி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பியானோ கற்றதும் அங்கேதான். 1958-இல், பன்னிரண்டு வயதில், நண்பர்களோடு சேர்ந்து 'தி ஹெக்டிக்ஸ்' என்ற பள்ளி இசைக்குழுவைத் தொடங்கினான். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் குழுவில் முதன்மைப் பாடகர் வேறொரு மாணவன். பின்னாளில் இலட்சக்கணக்கானோரைத் தன் குரலால் ஆட்டிவைத்தவர், அன்று பியானோவின் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேல்தாடையில் கூடுதலாக நான்கு பற்கள் முளைத்து, முன்பற்களை வெளியே தள்ளியிருந்ததால் கேலிக்கும் ஆளான கூச்ச சுபாவமுள்ள பையன் அவன்.

வீடிழந்த குடும்பம்

1963-இல் பிரெட்டி ஸான்சிபாருக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் தீவு விடுதலை பெற்றது. அடுத்த மாதமே, 1964 ஜனவரியில், அங்கே புரட்சி வெடித்தது. அராபியரும் இந்தியரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். புல்சாரா குடும்பம் உயிருக்கு அஞ்சித் தீவை விட்டு வெளியேறி இங்கிலாந்தைச் சென்றடைந்தது. இலண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திற்கு அருகிலுள்ள ஃபெல்தம் என்னும் ஊரில் ஒரு சிறிய வீட்டில் வாழ்க்கை மீண்டும் தொடங்கியது. பிரெட்டிக்கு அப்போது வயது 17.

ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலையும் வடிவமைப்பும் பயின்று 1969-இல் பட்டயம் பெற்றார். செலவுக்காக விமான நிலையத்தில் பயணிகளின் மூட்டைகளைத் தூக்கும் வேலையும் செய்தார். கென்சிங்டன் சந்தையில் நண்பர் ரோஜர் டெய்லருடன் சேர்ந்து பழைய துணிகளை விற்கும் கடை வைத்தார். பெற்றோரோ, நம் வீட்டுப் பெற்றோரைப் போலவே, மகன் நிலையான ஒரு வேலைக்குப் போக வேண்டும் என்றே விரும்பினர்.

இதற்கிடையில் 'ஐபெக்ஸ்', 'சவர் மில்க் சீ' ஆகிய சிறு குழுக்களில் பாடிப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. அதே வேளையில் பிரையன் மே என்ற கித்தார் கலைஞரும் டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லரும் 'ஸ்மைல்' என்னும் குழுவை நடத்தி வந்தனர். பிரெட்டி அந்தக் குழுவின் நிகழ்ச்சிகளுக்குத் தவறாமல் செல்வார். எப்படி உடுத்த வேண்டும், மேடையில் எப்படி நிற்க வேண்டும் என்று ஆலோசனைகளை வாரி வழங்குவார். 1970-இல் ஸ்மைல் குழுவின் பாடகர் விலகியபோது, இதுவரை கூட்டத்தில் நின்று யோசனை சொன்னவர் மேடையேறினார். 1971-இல் பாஸ் கித்தார் வாசிக்க ஜான் டீக்கன் வந்து சேர்ந்தார். அந்த நால்வர் கூட்டணி பிரெட்டி இறக்கும்வரை மாறவே இல்லை.

பெயரும் பற்களும்

குழுவுக்குக் 'குவீன்' என்று பெயர் சூட்டியவர் பிரெட்டி. நால்வரின் ராசிச் சின்னங்களான இரண்டு சிங்கங்களையும் ஒரு நண்டையும் இரண்டு தேவதைகளையும் வைத்து, மேலே ஃபீனிக்ஸ் பறவை சிறகு விரிக்கக் குழுவின் முத்திரையை வரைந்தவரும் அவரே. கலைக் கல்லூரியில் கற்ற கல்வி வீண்போகவில்லை.

இதே காலத்தில்தான் புல்சாரா என்ற குடும்பப் பெயரை விட்டு மெர்க்குரி என்று மாற்றிக்கொண்டார். தம் பிறப்பு, பள்ளி, சமயம் ஆகியவற்றைப் பற்றிப் பத்திரிகைகளிடம் அவர் அதிகம் பேசியதில்லை. எழுபதுகளின் இங்கிலாந்தில் தெற்காசியக் குடியேறிகள் மீது வெறுப்பு பெருகியிருந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. வேரை மறைத்தார் என்று அவரைக் குறைகூறுவோரும் உண்டு. வெள்ளையரே ஆட்சி செய்த ராக் இசை மேடையில், புல்சாரா என்ற பெயரோடு வந்திருந்தால் அவருக்கு இடம் கிடைத்திருக்குமா என்று கேட்போரும் உண்டு. எது சரியென்று தீர்ப்புச் சொல்வது எளிதன்று. ஆனால், மேடையின் முன்னால் நிற்பதற்கு அவர் கொடுத்த முதல் விலை அந்தப் பெயர்தான் எனலாம்.

பெயரை மாற்றியவர் பற்களை மட்டும் மாற்றவில்லை. பணம் வந்த பிறகும் அந்தக் கூடுதல் பற்களை அகற்றிக்கொள்ள அவர் இணங்கவில்லை. வாயின் அமைப்பு மாறினால் குரலும் மாறிவிடுமோ என்ற அச்சமே காரணம். சிரிக்கும்போதெல்லாம் உதட்டாலோ கையாலோ பற்களை மறைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. அழகா, குரலா என்ற கேள்வி எழுந்தபோது அவர் குரலைத் தேர்ந்தெடுத்தார்.

புகழ் இருந்தது, பணம் இல்லை

குழுவின் முதல் இசைத்தட்டு 1973-இல் வெளிவந்தது, பெரிதாக எடுபடவில்லை. 1974-இல் பிரெட்டி எழுதிய 'செவன் சீஸ் ஆஃப் ரை' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 10-ஆம் இடத்தையும் 'கில்லர் குவீன்' 2-ஆம் இடத்தையும் பிடித்தன. அதே ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவில் பிரையன் மே கல்லீரல் அழற்சியால் படுத்துவிட, பயணமே பாதியில் நின்றது.

பாடல்கள் வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்த வேளையிலும் நால்வரும் வாரக் கூலிதான் வாங்கிக்கொண்டிருந்தனர். அவர்கள் கையெழுத்திட்டிருந்த ஒப்பந்தத்தின்படி, பதிவுச் செலவு முழுவதும் அவர்கள் பெயரில் கடனாக ஏறிக்கொண்டே போனது. 1975-இல் வழக்கறிஞரின் துணையோடு அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டனர். கலைத்துறையில் கால்பதிக்க எண்ணும் நம் மாணவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். குரலை வளர்ப்பதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு சிறு பகுதியையாவது ஒப்பந்தத்தைப் படிப்பதற்கும் செலவிட வேண்டும்.

ஆறு நிமிடப் பாடல்

கடனில் தத்தளித்த அந்த ஆண்டில்தான் குழு தன் வாழ்நாளின் மிகப் பெரிய துணிச்சலில் இறங்கியது. பிரெட்டி எழுதிய 'போஹிமியன் ராப்சடி' ஏறக்குறைய ஆறு நிமிடம் நீளும் பாடல். வானொலிகள் மூன்று நிமிடப் பாடல்களையே விரும்பிய காலம் அது. மெல்லிசையாகத் தொடங்கி, நடுவில் மேற்கத்திய இசைநாடகமாக மாறி, பின் ராக் இசையாக வெடித்து, மீண்டும் அமைதியில் முடியும் அந்தப் பாடலில் பல்லவி என்பதே கிடையாது.

பாடலின் முழு வடிவமும் பிரெட்டியின் மனத்தில்தான் இருந்தது. பதிவு சுமார் மூன்று வாரங்கள் நடந்தது. நடுப்பகுதியில் பெரிய பாடகர் கூட்டமே பாடுவதுபோல் நம் காதில் விழுகிறதல்லவா? அது பிரெட்டி, மே, டெய்லர் ஆகிய மூவரின் குரல் மட்டுமே. நாளுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாகப் பாடி, குரல்மேல் குரலாக அடுக்கினார்கள். அடுக்க அடுக்கப் பதிவு நாடாவே தேய்ந்து மெலிந்துபோனது.

இவ்வளவு நீளமான பாடலை யாரும் ஒலிபரப்ப மாட்டார்கள், வெட்டிச் சுருக்க வேண்டும் என்று பலரும் வற்புறுத்தினர். குழு மறுத்துவிட்டது. இலண்டன் வானொலி அறிவிப்பாளர் கென்னி எவரெட் இரண்டே நாளில் அதைப் 14 முறை ஒலிபரப்பினார். மக்கள் கடைகளை மொய்த்தனர். 1975-இன் இறுதியிலிருந்து தொடர்ந்து ஒன்பது வாரங்கள் அப்பாடல் பிரிட்டனில் முதலிடத்தில் நின்றது.

மாற்ற முடியாத கருவி

குவீன் குழுவின் நால்வருமே பாடல் எழுதத் தெரிந்தவர்கள். நால்வர் எழுதிய பாடல்களும் பெரும் வெற்றி கண்டுள்ளன. 'வீ வில் ராக் யூ' பிரையன் மே எழுதியது. 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' ஜான் டீக்கன் எழுதியது. 'ரேடியோ கா கா' ரோஜர் டெய்லர் எழுதியது. ஆனால், யார் எழுதினாலும் அதை மேடையில் சுமந்து செல்ல வேண்டியது பெரும்பாலும் ஒரே தொண்டைதான்.

பிரெட்டி குரற்பயிற்சியை முறையாகக் கற்றவர் அல்லர். 1975-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பயணத்திலேயே அவருடைய குரல்நாண்களில் முடிச்சுகள் தோன்றின. இரவு தவறாமல் உச்சக் குரலில் பாடுவோருக்கு வரும் தொழில்நோய் இது. உழைப்பவரின் உள்ளங்கையில் காய்ப்புக் காய்ப்பதைப் போல, ஓயாமல் உரசும் குரல்நாணிலும் காய்ப்பு ஏற்படுகிறது. அவை இரண்டும் சரியாக மூடாதபோது குரல் கம்முகிறது. நிகழ்ச்சிகள் சில இரத்தாயின. அறுவைச் சிகிச்சை செய்தால் குரலின் இயல்பே கெட்டுவிடலாம் என்று அஞ்சி அவர் அதனைத் தவிர்த்தார். அந்த முடிச்சுகள் பின்னரும் அவரை விடவில்லை. பின்னாளில் தொற்றிக்கொண்ட புகைப்பழக்கமும் தொண்டைக்கு உதவவில்லை.

இதை அவர் எப்படிச் சமாளித்தார்? பதிவுக்கூடத்தில் எட்டிப்பிடித்த உச்ச சுரங்களை மேடையில் பல வேளைகளில் கீழே இறக்கிப் பாடினார். சில உச்ச இடங்களை டெய்லர் ஏற்றுக்கொண்டார். சுரம் குறைந்த இடத்தை உடலசைவாலும் பார்வையாலும் பிரெட்டி நிரப்பினார். ஆரம்ப நாள்களில் ஒருமுறை ஒலிவாங்கியின் தாங்கி அடிப்பகுதியிலிருந்து கழன்று, பாதிக் கம்போடு கையில் வந்துவிட்டது. அதை எறியாமல் கையில் பிடித்துக்கொண்டே ஆடினார். அந்த அரைக் கம்பே பின்னர் அவருடைய அடையாளமாயிற்று.

2016-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் அவருடைய பதிவுகளை அறிவியல் முறையில் ஆராய்ந்தனர். பேசும் குரலைக் கொண்டு பார்த்தால் அவர் இயல்பில் நடுத்தரக் கனமுள்ள ஆண்குரல் உடையவர் என்றும், பாடும்போதோ அதற்கு மேலுள்ள உச்சத்தில் பாடினார் என்றும், அவருடைய குரலின் அதிர்வு மற்றப் பாடகர்களைவிட வேகமானது என்றும் கண்டறிந்தனர். பிறவிக் கொடை ஒருபுறமிருக்க, தம் இயல்பான எல்லைக்கு அப்பால் நாள்தோறும் குரலை ஏற்றி வைத்ததே அவருடைய உழைப்பு என்பது இதனால் விளங்குகிறது.

பழியும் முன்னால் நிற்பவருக்கே

1981-இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் ஒரே இரவில் 1,31,000 பேர் குவீன் குழுவைக் காணத் திரண்டனர். அந்த உச்சிக்குப் பிறகு சரிவும் வந்தது. 1982-இல் வெளிவந்த 'ஹாட் ஸ்பேஸ்' இசைத்தட்டு நடன இசையின் பக்கம் சாய்ந்ததால் ரசிகர் பலர் முகஞ்சுளித்தனர். குழுவுக்குள்ளும் கருத்து வேறுபாடுகள் முற்றின.

1984-இல் 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ' பாடலின் ஒளிப்படத்தில் நால்வரும் பெண் வேடமிட்டு, ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரைக் கிண்டல் செய்தனர். பிரிட்டன் சிரித்தது, அமெரிக்கா முகம் திருப்பிக்கொண்டது. பாடலை எழுதியவர் டீக்கன், வேடமிட்டவர்கள் நால்வர். ஆயினும் மக்கள் பேச்சில் அடிபட்ட பெயர் பிரெட்டியுடையதே.

அதே ஆண்டு நிறவெறி ஆட்சியிலிருந்த தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் குழு நிகழ்ச்சிகள் நடத்தியது. உலகக் கலைஞர்கள் அந்நாட்டைப் புறக்கணித்திருந்த நேரம் அது. அரசியலில் தங்களுக்கு நாட்டமில்லை என்று குழு கூறிய விளக்கத்தைப் பலர் ஏற்கவில்லை. இசைக்கலைஞர் சங்கம் அபராதம் விதித்தது. இனவெறியால் தாமும் தம் குடும்பமும் ஒதுக்கப்படக்கூடிய நிலையில் இருந்த ஒருவர் அந்த மேடையில் ஏறியது பெருந்தவறு என்றே நாம் கருத வேண்டியுள்ளது. அங்கும் தொண்டை கைவிட்டதால் சில நிகழ்ச்சிகள் நின்றுபோயின.

1985-இல் பிரெட்டி தனியாகவும் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அது குவீன் இசைத்தட்டுகளின் வெற்றியைத் தொடவில்லை. நால்வரும் பிரியப்போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின.

21 நிமிடங்கள்

அந்நிலையில்தான் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்திற்காக 'லைவ் எய்ட்' இசை நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. 1985 ஜூலை 13. இலண்டன் வெம்பிளி திடலில் சுமார் 72,000 பேர். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நேரடி ஒளிபரப்பு. ஒவ்வொரு குழுவுக்கும் கிடைத்தது ஏறக்குறைய இருபது நிமிடம். குவீன் குழுவின் சொந்த ஒளியமைப்பு இல்லை; அலங்காரங்களும் இல்லை; மாலைப் பொழுதின் வெளிச்சம் மட்டுமே.

மற்றவர்கள் வந்து பாடிவிட்டுப் போகலாம் என்று இருந்தபோது, குவீன் குழு ஓர் அரங்கை வாடகைக்கு எடுத்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தது. நீண்ட பாடல்களைச் சுருக்கி, மக்கள் அறிந்த ஆறு பாடல்களை 21 நிமிடத்தில் அடக்கினார்கள். வெள்ளைப் பனியனும் வெளிறிய ஜீன்சும் அணிந்து ஓடி வந்த பிரெட்டி, பாடல்களுக்கு நடுவே சொற்களே இல்லாத வெறும் ஓசைகளைக் கூட்டத்திடம் வீசினார். கூட்டம் அதே சுரத்தில் திருப்பி வீசியது. 'ரேடியோ கா கா' பாடலுக்கு எழுபதாயிரம் பேரின் கைகள் ஒன்றாக உயர்ந்து தட்டின. ராக் இசை வரலாற்றின் மிகச் சிறந்த மேடை நிகழ்ச்சி எது என்று பின்னாளில் கேட்கப்பட்ட போதெல்லாம் இந்த 21 நிமிடங்கள் முன்னணியில் நின்றன.

அடுத்த ஆண்டு ஐரோப்பா முழுவதும் சுற்றினார்கள். 1986 ஜூலையில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் அந்நாட்டு நாட்டுப்புறப் பாடல் ஒன்றைப் பிரெட்டி பாடினார். அம்மொழி அவருக்குத் தெரியாது. சொற்களை உள்ளங்கையில் எழுதி வைத்துப் பார்த்துப் பாடினார். திடலே உடன் பாடியது. ஒரு மக்களின் மொழியில் நான்கு வரி பாடினாலும் அவர்கள் நெஞ்சம் எப்படி நெகிழும் என்பது, பல இனத்தவர் வாழும் நாட்டில் பிறந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1986 ஆகஸ்டு 9-இல் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் நடந்தது குவீன் குழுவோடு அவர் பாடிய கடைசிப் பொது நிகழ்ச்சி.

மூடிய கதவுகளுக்குப் பின்னால்

மேடையில் சிங்கமாக உலவியவர், வெளியே கூச்சம் மிகுந்தவர், பேட்டிகளைத் தவிர்ப்பவர், பூனைகளை வளர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டவர். மேரி ஆஸ்டின் என்னும் பெண்ணோடு சில ஆண்டுகள் வாழ்ந்து பிரிந்த பின்னரும், அவரையே தம் மிக நெருங்கிய தோழியாகக் கருதி இலண்டன் வீட்டையும் அவருக்கே எழுதி வைத்தார். 1985 முதல் இறுதிவரை ஜிம் ஹட்டன் என்னும் ஆடவர் அவருடைய வாழ்க்கைத் துணையாக இருந்தார். இதைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியதில்லை. பத்திரிகைகள் விடாமல் துரத்தின.

1987-இல் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது உறுதியானது. அந்நாளில் அது மரண ஓலைக்கு ஒப்பானது. நோயாளிகளைத் தொடவும் மக்கள் அஞ்சிய காலம். நோயை அறிந்த பிறகு அவர் செய்தது என்ன? பாடினார். ஸ்பெயின் நாட்டு இசைநாடகப் பாடகி மோன்செராட் கபாயேயுடன் சேர்ந்து 1988-இல் 'பார்சிலோனா' இசைத்தட்டை வெளியிட்டார். 1989-இல் வெளிவந்த 'தி மிராக்கிள்' இசைத்தட்டில், எந்தப் பாடலை யார் எழுதினார் என்று பிரிக்காமல், அனைத்தும் குவீன் என்ற ஒரே பெயரில் வெளிவந்தன. பல ஆண்டுகளாக உரிமைத்தொகைக்காக நடந்த பூசல் அத்தோடு ஓய்ந்தது. மெலிந்துபோன நண்பரைச் சுற்றி மூவரும் அரண்போல் நின்று, பத்திரிகைகளுக்கு எதுவும் சொல்லாமல் காத்தனர்.

1991 பிப்ரவரியில் 'இன்னுவெண்டோ' வெளிவந்தது. நிற்கவே தெம்பில்லாத நிலையில் பாடிய பாடல்கள் அதில் உள்ளன. கேட்டுப் பாருங்கள், நோயின் சாயலே குரலில் இராது. அவ்வாண்டு மே மாதம் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ நகரிலுள்ள பதிவுக்கூடத்தில் 'மதர் லவ்' என்ற பாடலைப் பாடத் தொடங்கினார். கடைசிச் சரணத்தைப் பாடி முடிக்க இயலவில்லை. அதைப் பின்னர் பிரையன் மே பாடி நிறைவு செய்தார்.

நவம்பர் 23-ஆம் நாள், தமக்கு எய்ட்ஸ் நோய் இருப்பதாகப் பிரெட்டி அறிக்கை வெளியிட்டார். தம்மைச் சுற்றியிருப்போரின் அமைதியைக் காக்கவே இதுவரை மறைத்ததாகவும், இந்நோய்க்கு எதிரான போராட்டத்தில் அனைவரும் இணைய வேண்டும் என்றும் அதில் தெரிவித்தார். அடுத்த நாள், 1991 நவம்பர் 24-இல், தம் வீட்டிலேயே காலமானார். வயது 45. சரதுஷ்டிர சமயப் புரோகிதர்கள் மந்திரம் ஓத இறுதிச் சடங்கு நடந்தது. மெர்க்குரி என்று உலகம் அறிந்தவர், புல்சாரா குடும்பத்தின் பிள்ளையாகவே விடைபெற்றார்.

இன்னும் முன்பே அவர் வாய் திறந்திருந்தால் எத்தனையோ நோயாளிகளுக்குத் துணிவு பிறந்திருக்கும் என்று சிலர் வருந்தினர். அதில் நியாயம் உண்டு. ஆயினும் ஆயுள் முழுவதும் தம்மைப் பிறர் பார்வைக்கு வைத்த ஒருவர், நோயை மட்டுமாவது தமக்கென வைத்துக்கொள்ள விரும்பியதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996-இல்தான் பரவலாயிற்று. அவர் வாழ்ந்திருந்தால் அதற்கு ஐந்தே ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

குரல் எஞ்சி நிற்கிறது

அவர் மறைந்ததும் 'போஹிமியன் ராப்சடி' மீண்டும் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. கிடைத்த வருவாய் எய்ட்ஸ் நிவாரணத்திற்குச் சென்றது. 1992 ஏப்ரல் 20-இல் வெம்பிளியில் அவருக்காக நினைவு நிகழ்ச்சி நடத்தி, அவர் பெயரில் 'மெர்க்குரி ஃபீனிக்ஸ்' அறக்கட்டளையை நண்பர்கள் தொடங்கினர். 1996-இல் மோன்ட்ரூ ஏரிக்கரையில் சிலை எழுந்தது. 2018-இல் அவர் வாழ்க்கை திரைப்படமாகி நான்கு ஆஸ்கார் விருதுகளை வென்றது. மலேசியத் திரையரங்குகளில் சில காட்சிகள் நீக்கப்பட்டே அது திரையிடப்பட்டது. 2019-இல் ஸான்சிபாரில் அவருக்கு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2023-இல் அவருடைய பியானோ ஏலத்தில் 17 இலட்சம் பவுண்டுக்கு விலைபோனது. வேர்களை அவர் மறைத்தாலும் அவை அவரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டன.

பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் பின்னர் வேறு பாடகர்களோடு மேடையேறினர். 2016-இல் சிங்கப்பூருக்கும் வந்து ஆடம் லாம்பர்ட்டுடன் நிகழ்ச்சி படைத்தனர். லாம்பர்ட் சிறந்த பாடகர். ஆனாலும் அந்நிகழ்ச்சிகளில் பெருந்திரையில் பிரெட்டியின் உருவம் தோன்றும்போது எழும் ஆரவாரம் தனி.

அன்பு நண்பர்களே, இந்த வாழ்க்கையிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்வது? முன்னால் நிற்பவர் பிறர் எழுதியதைத் தம் உடலால் சுமக்கிறார். பிறருடைய பிழைக்கும் தாமே பதில் சொல்கிறார். அதற்காகத் தம் பெயரையும் தனிமையையும் விட்டுக்கொடுக்கிறார். அந்தச் சுமையைப் பிரெட்டி தனியே சுமக்கவில்லை. உச்ச சுரம் எட்டாதபோது டெய்லர் பாடினார். கடைசிச் சரணம் முடியாதபோது மே பாடினார். பத்திரிகைகள் துரத்தியபோது மூவரும் கதவை அடைத்து நின்றனர். அடுத்த கலை இரவில் நம் நண்பர் ஒருவர் ஒலிவாங்கியோடு முன்னால் வரும்போது அவருக்குக் கைதட்டுவோம். அவருக்குப் பின்னால் இருட்டில் அமர்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்தே தட்டுவோம். நிகழ்ச்சி முடிந்து தொண்டை கம்மி, தனியே உட்கார்ந்திருக்கும் பாடகருக்கு ஒரு குவளை வெந்நீர் கொண்டுபோய்க் கொடுப்போம்.